கற்பூரக் கரி

மருந்தியல் துறையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், என் கையில் ஒரு கினிப்பன்றியைத் தந்துவிட்டு "அடியும்" என்றார் துறைத் தலைவர்.

அது உயிரோடு இருந்தது. ஒரு பெரிய மாங்காய் அளவுதான் இருக்கும். மண்ணிறமும் வெள்ளையும். என் உள்ளங்கையில் அதன் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. மாணவர்களின் செய்முறை வகுப்புக்கு அதன் குடல் வேண்டும். மயக்க மருந்து கொடுத்துக் கொல்ல முடியாது, கொடுத்தால் குடலும் மயங்கிவிடும். ஆகவே பின்னங்கால்களைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி, கழுவும் தொட்டியின் சீமெந்து விளிம்பில் பிடரி படும்படி ஓங்கி அடிக்க வேண்டும். ஒரே அடியில் முடிய வேண்டும்.

எனக்கு மூன்று அடி தேவைப்பட்டது. இரண்டாவது அடிக்கு அது கத்தியது. கினிப்பன்றி அப்படிக் கத்தும் என்று எந்தப் புத்தகத்திலும் நான் படித்திருக்கவில்லை. தலைவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றார்.

"முதல் அடியிலை நீர் இரக்கம் பார்த்தனீர். அந்த இரக்கத்தாலை அதுக்கு ரண்டு அடி கூட விழுந்தது. இரக்கம் கூடின ஆக்களுக்கு அங்காலை கலைப்பீடம் இருக்கு" என்றார்.

இது எண்பத்து நாலில். நான் விலங்கியல் பட்டதாரி, இருபத்து மூன்று வயது, தற்காலிக உதவி விரிவுரையாளர். அந்தத் 'தற்காலிக' என்ற சொல்லைக் கழற்ற வேண்டுமென்றால் வெளிநாடு போய்ப் பெரிய பட்டம் ஒன்று செய்துகொண்டு வர வேண்டும். அதுவரைக்கும் மருத்துவ மாணவர்களுக்கு முன்னால் குடல் கட்டித் தொங்கவிடுகிறவள், அவ்வளவுதான். அவர்கள் டாக்டர்களாகிப் போய்விடுவார்கள். நான் அடுத்த ஆண்டு வருகிறவர்களுக்கு இன்னொரு குடலைக் கட்டுவேன்.

நான் இணுவிலில் பிறந்தவள். முட்டை அவித்த சட்டிகூட எங்கள் வீட்டில் இருந்ததில்லை. அம்மாவுக்கு நான் செய்கிற வேலை தெரிந்த நாளிலிருந்து கிணற்றடியில் தலைமுழுகாமல் அடுப்படிப் பக்கம் என்னை விடமாட்டா. மாசி மாதப் பனியிலும் முழுகினேன். "பேராசிரியராய் வா, நீதிபதியாய் வா, முழுகிப்போட்டு வா" என்பா.

கலியாணப் பேச்சுகளும் இந்தத் தொட்டி விளிம்பில்தான் அடிபட்டுச் செத்தன. மருத்துவ பீடம் என்றதும் தரகர் டாக்டர் என்று நினைத்துக்கொண்டு வருவார். அண்ணை பொய் சொல்லத் தெரியாத மனிசன். புகையிலைத் தோட்டத்துக்கு அப்பால் உலகம் தெரியாது. "டொக்டர் இல்லை. மிருகங்களிலை மருந்து பரிசோதிக்கிறவ" என்று சொல்லிவிடுவார். ஒரு மாப்பிள்ளையின் தாய் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, "எங்கடை வீட்டிலை மூண்டு பூனை நிக்குது" என்று சொல்லி எழும்பினா. அதற்கு என்ன அர்த்தம் என்று அண்ணை பின்னேரம் வரைக்கும் யோசித்துக்கொண்டிருந்தார். எனக்கு உடனேயே விளங்கிவிட்டது. சிரிப்பும் வந்தது, அந்த மனிசியின் தலையில் மீதித் தேத்தண்ணியை ஊற்ற வேண்டும் போலவும் வந்தது.

தலைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். உடுவில்காரர். சட்டைக் கை மடிப்பில் தேங்காய் வெட்டலாம், அப்படி ஒரு இஸ்திரி. அவரிடம் ஒரு நல்ல வார்த்தை வாங்கியவர் என்று அந்தக் கட்டடத்தில் ஒருவருமே இல்லை. ஒரு மாணவியிடம், "உம்மை மருத்துவத்துக்கு எடுத்ததாலை எங்கையோ ஒரு நல்ல தையல்காரி இல்லாமல் போச்சு" என்று வகுப்பு முழுவதும் கேட்கச் சொன்னவர். ஆனால் பாடம் என்று தொடங்கினால் வாயைப் பிளந்துகொண்டு கேட்கலாம். அதை இல்லையென்று சொன்னால் என் வாய் அழுகிப்போகும். மருந்து உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்பதை நேரில் நின்று கண்டுவிட்டு வந்தவர் மாதிரிச் சொல்லுவார். அதற்காகவே அவ்வளவு காலமும் அவருடைய வாயைப் பொறுத்துக்கொண்டேன்.

தொண்ணூறில் திரும்பச் சண்டை தொடங்கி, கரண்ட் நின்றது. பிறகு அரசாங்கம் தடை போடப் போட ஒவ்வொன்றாக எல்லாம் நின்றன. மண்ணெண்ணெய், பற்றறி, சவர்க்காரம், நெருப்புப்பெட்டி. அடுத்த ஆண்டு, எல்லாம் நின்றுபோன அந்தக் காலத்தில்தான் இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகம் எங்கள் பல்கலைக்கழகத்துக்கென்று ஒரே ஒரு ஆராய்ச்சி இடம் தருவதாக அறிவித்தது. எங்கள் தெரிவுக்குழு ஒருவரைத் தேர்ந்து அனுப்ப வேண்டும். ஆராய்ச்சியில் தொடக்க வேலை செய்து, அதன் மூலப் பதிவுகளைக் குழுவுக்குக் காட்ட வேண்டும். வயது முப்பத்தொன்றைத் தாண்டக்கூடாது. எனக்கு அப்போது முப்பது முடிந்துவிட்டது. இதை விட்டால் இனி இல்லை என்பதை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

எங்கள் பக்கத்துச் சனம் வயிற்றுக்குத்துக்கு ஒரு வேரை அவித்துக் குடிப்பார்கள். அது உண்மையிலேயே குடலின் இழுப்பைத் தளர்த்துகிறதா, எவ்வளவு கொடுத்தால் எவ்வளவு தளர்த்துகிறது என்பதுதான் நான் எடுத்துக்கொண்ட விஷயம். தலைவர் என் மேற்பார்வையாளர். "செய்யும். முடிஞ்சால் பார்ப்பம்" என்றார். அவர் வாயிலிருந்து வந்தால் அது ஆசீர்வாதம்.

பதிவு செய்கிற மின்சாரக் கருவி மேசையில் செத்துக் கிடந்தது. களஞ்சிய அறையில் பழைய காலத்து, சாவி கொடுத்தால் தானாகச் சுற்றுகிற உருளை ஒன்று இருந்தது. அதைத் தூசி தட்டி எடுத்தேன். உருளையில் வழுவழுப்பான தாளைச் சுற்றி, புகையில் காட்டிக் கரி பிடிக்க வைக்க வேண்டும். இளஞ்சூட்டு உப்புத் தண்ணீருக்குள் குடல் துண்டைத் தொங்கவிட்டு, அதன் மேல்நுனியை ஒரு மெல்லிய கம்பியில் கட்டிவிட்டால், குடல் சுருங்கும்போது கம்பி ஏறும், தளரும்போது இறங்கும். கம்பியின் நுனி கரியைச் சுரண்டிக்கொண்டே போகும். கறுப்பில் வெள்ளை அலை. மருந்து விட விட அலை சிறுத்துக்கொண்டு போவது கண்ணுக்கு முன்னால் தெரியும்.

தண்ணீரைச் சூடாக வைத்திருக்கச் சிரட்டைக்கரி. தண்ணீருக்குள் காற்றுக் குமிழ் விட, காற்றடித்த சைக்கிள் ரியூப் ஒன்று. அதன் வாயில் ஒரு குழாயைச் செருகி, நூலால் இறுக்கி, காற்று சொட்டுச் சொட்டாகப் போகும்படி வைத்தேன். புகைக்குத்தான் வழியில்லை. மண்ணெண்ணெய் இருக்கிற விலைக்கு ஒரு தாளுக்குக் கரி பிடிப்பதென்றால் வீட்டில் ஒரு கிழமை இருட்டில் இருக்க வேண்டும். யோசித்துப் பார்த்தேன். கற்பூரம். கோயிலடிக் கடையில் அது இன்னும் கிடைத்தது. கற்பூரம் எரிந்தால் வருகிற கரி மண்ணெண்ணெய்க் கரியைவிட மெல்லியது, பட்டு மாதிரித் தாளில் படியும். எனக்கே பெருமையாக இருந்தது. சாமியறைத் தட்டத்திலிருந்த கற்பூரம் குறைந்துகொண்டு போவதை அம்மா கண்டுபிடித்துவிட்டா.

"முருகனுக்குக் காட்டுறதை எலிக்குக் காட்டுறியோ?"

"எலியில்லை அம்மா, கினிப்பன்றி."

"பன்றிக்கோ!" என்று அம்மா நெஞ்சில் கைவைத்துக்கொண்டு இருந்துவிட்டா.

கினிப்பன்றிகளும் முடிந்துகொண்டு வந்தன. தீவுப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் எங்கள் விரிவுரை மண்டபத்தில் இருந்தன. அவர்களுக்கே மாவில்லை, விலங்குகளுக்கு யார் தருவது? நான் வேலியோரம் அறுகம்புல் பிடுங்கிப் போட்டேன். ஒருநாள் அடித்துக் குடலை எடுத்துவிட்டு நிமிர்ந்தபோது யன்னலுக்கு வெளியே ஒரு பெண் கைப்பிள்ளையோடு நின்றா.

"குடலைத்தானே எடுத்தனீங்கள் பிள்ளை. மிச்சத்தை என்ன செய்வியள்?"

"மண்ணுக்குள்ளை தாக்கிறது."

"தாக்கிறதை இஞ்சை தாங்கோவன்."

அதில் மருந்து ஏதும் இல்லை, மருந்து போவது வெட்டியெடுத்த குடலுக்குத்தான். ஆகவே கொடுக்கலாம். பழைய பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொடுத்தேன். அதன் பிறகு நான் அடிக்கிற நாட்களில் அவ யன்னலுக்கு வெளியே வந்து நிற்கத் தொடங்கினா. தலைவர் ஒருநாள் இதைக் கண்டார். பேசப்போகிறார் என்று நினைத்தேன். "பரவாயில்லை, ஒண்டும் வீணாகேல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். அதைச் சொன்ன குரலில் அந்தப் பெண்ணும் இருந்தா, கினிப்பன்றியும் இருந்தது, நானும் இருந்தேன். மூன்றும் அவருக்கு ஒரே கணக்கு.

கரித்தாளில் ஒரு வில்லங்கம் உண்டு. அலை விழுந்த தாளை அப்படியே விட்டால் விரல் பட்டாலே அழிந்துவிடும். சேலைத் தலைப்பு உரசினால் போதும். அதற்காக அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, அந்தக் கரைசலில் தாளைத் தோய்த்துக் காயவிட வேண்டும். காய்ந்துவிட்டால் கரி தாளோடு ஒட்டிவிடும், பிறகு எத்தனை வருஷமென்றாலும் இருக்கும். அரக்கு துறையில் இருந்தது. ஸ்பிரிட்தான் இல்லை. தடை செய்த பொருட்களில் அதுவும் ஒன்று. பெரியாஸ்பத்திரியில் கேட்டேன். ஊசி போடுகிற இடத்தைத் துடைக்கவே இல்லை என்றார்கள்.

துறையில் ஒரே ஒரு போத்தல் மிஞ்சியிருந்தது. மண்ணிறப் போத்தல், முக்கால்வாசிக்கு மேல் இருந்தது. அது தலைவருடைய அறை அலுமாரிக்குள். சாவி அவருடைய இடுப்பில்.

"சேர், தாளுகளை உறுதியாக்கக் கொஞ்சம் ஸ்பிரிட் வேணும்."

"முதல் முடிவு உறுதியாகட்டும். பிறகு தாளை உறுதியாக்குவம்."

முடிவை உறுதியாக்கினேன். ஒவ்வொரு பதிவையும் திருப்பித் திருப்பிச் செய்தேன். பின் அறையில் கயிறு கட்டி, தாள்களை ஒன்றோடொன்று முட்டாமல் தொங்கவிட்டிருந்தேன். கிழமைக்கு ஒருதரம் அவர் வருவார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மூச்சுக்காற்றுக்கூடப் படாத தூரத்தில் நின்று, ஒவ்வொரு தாளையும் தொடக்கத்திலிருந்து கடைசி வரைக்கும் பார்ப்பார். "மூண்டாவதிலை தண்ணி சூடு குறைஞ்சிட்டுது. திருப்பிச் செய்யும்." சரியாகத்தான் சொல்லுவார். நான் திருப்பிச் செய்வேன். அவர் பார்க்காத தாள் என்று அந்தக் கயிற்றில் ஒன்றும் இருக்கவில்லை.

திரும்பவும் கேட்டேன். "பார்ப்பம்" என்றார். இன்னொருதரம் கேட்டேன். "நீர் என்ன, இயக்கப் பெடியள் பெற்றோல் கேக்கிறமாதிரிக் கேக்கிறீர்" என்றார்.

பிறகு நானே மூளையைச் செலவழித்தேன். ஸ்பிரிட் இல்லாவிட்டால் சாராயம். பனங்கள்ளு வடித்த சாராயத்தில் அரக்கு கரையாதா? அண்ணையைப் பிடித்தேன். வாழ்க்கையில் ஒரு சொட்டும் குடிக்காத மனிசன், சால்வையால் போத்தலை மூடிக்கொண்டு ஒழுங்கையால் வந்தார். அதற்குள் ஊர் முழுக்கக் கதை பரவிவிட்டது, புகையிலை விற்ற காசு எங்கே போகிறது என்று. சாராயத்தில் தண்ணீர் அதிகம். அரக்கு கட்டி கட்டியாக மிதந்தது. நல்லதில்லாத ஒரு தாளை எடுத்துத் தோய்த்துப் பார்த்தேன். கரி முழுக்கக் கரைந்து கிண்ணத்துக்குள் போய்விட்டது, கையில் வெறும் தாள் மிஞ்சியது. மிச்சச் சாராயத்தை அண்ணை கிணற்றடி வாழைக்கு ஊற்றினார். அதையும் பக்கத்து வீட்டில் ஒருவரும் நம்பவில்லை.

அந்த வருஷக் கடைசியில் தலைவருடைய மகளுக்குக் கலியாணம். மாப்பிள்ளை உள்ளூர் என்ஜினியர். பகலில் குண்டு போடுகிற பொம்பர் விமானம் வந்து சுற்றும் என்று பொழுதுபடுகிற நேரத்து முகூர்த்தம். துறையில் எல்லோருக்கும் சொல்லியிருந்தார். பெண்கள் வேளைக்கே வந்து உதவி செய்ய வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். போனேன். உடுவிலில் பெரிய கல்வீடு. முற்றத்தில் பெற்றோமாக்ஸ் விளக்குகளை வரிசையாக வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் ஒரு பெற்றோமாக்ஸ் எரிந்தாலே ஊர் கூடி வந்து பார்க்கும், அங்கே ஒரு திருவிழாவுக்குக் காணும் அளவுக்கு நின்றன. பெற்றோமாக்ஸைக் கொளுத்துவதற்கு முதல் அதன் கிண்ணத்தில் ஸ்பிரிட் விட்டு எரித்துச் சூடேற்ற வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அவருடைய மருமகன் முறையான ஒருவன் குந்தியிருந்து ஒவ்வொரு விளக்குக்கும் ஊற்றிக்கொண்டு வந்தான்.

மண்ணிறப் போத்தல். அதில் ஒட்டியிருந்த துண்டில் இருந்தது என்னுடைய கையெழுத்து. கரண்ட் நிற்பதற்கு முதல், களஞ்சியத்தில் எல்லாவற்றுக்கும் பெயர் எழுதி ஒட்டியது நான்தான்.

பார்த்துக்கொண்டே நின்றேன். கிண்ணங்களில் நீல நெருப்பு எழும்பியது. கடைசி விளக்குக்கு அவன் போத்தலைக் கவிழ்த்துத் தட்டினான். தலைவர் பட்டுவேட்டியோடு பக்கத்தில் வந்து நின்றார். நான் எதைப் பார்க்கிறேன் என்பதை அவரும் பார்த்தார்.

"நல்ல வெளிச்சம், என்ன?" என்றார்.

"ஓம் சேர்" என்றேன். பந்தியில் இருந்து பாயசமும் குடித்தேன். அந்தப் பாயசத்தை அவர் முகத்தில் எறிய வேண்டும் என்று நினைத்துக்கொண்டே கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன். அவ்வளவு ருசியான பாயசத்தை அந்த வருஷம் நான் வேறெங்கும் குடிக்கவில்லை, அதுதான் இன்னும் எரிச்சல்.

தெரிவுக்குழு தை மாதத்தில் கூடுவதாக அறிவித்தார்கள். எனக்குப் போட்டியாக நின்றவர் இன்னொரு துறையில் ஓர் இளைஞர். அவருடைய வேலை புத்தகங்களிலிருந்து திரட்டியது. எனக்கு அவரைப் பற்றிப் பயம் இருக்கவில்லை. என் தாள்கள் பேசும். உறுதியாக்காவிட்டாலும் பேசும், தொடாமல் காட்டினால் சரி. பல்கலைக்கழகப் பக்கம் அடிக்கடி குண்டு விழுந்ததால் தாள்களை வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தேன். பெரிய சதுரப் பிஸ்கற் தகரத்துக்குள் ஒவ்வொன்றையும் வளைத்து, ஒன்றையொன்று முட்டாதபடி இடையில் ஈர்க்கு வைத்து நிறுத்தியிருந்தேன். நடுங்கும் கையால் அந்த வேலையைச் செய்திருக்க முடியாது. கினிப்பன்றி அடித்துப் பழகிய கை, நடுங்காது.

குழு கூடிய அன்று காலை தகரத்தை சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு புறப்பட்டேன். கோண்டாவில் தாண்டியபோது பொம்பர் சத்தம் கேட்டது. ரோட்டில் போன அத்தனை பேரும் சைக்கிள்களைப் போட்டுவிட்டு வெள்ளவாய்க்காலுக்குள் குதித்தார்கள். நான் கயிற்றை அவிழ்த்துத் தகரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றேன். மெதுவாக இறங்க வேண்டும், குலுக்கக்கூடாது என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

"விசரியே, விழு!" என்று ஒருவர் பின்னாலிருந்து என்னைத் தள்ளினார். பெரிய உடம்புக்காரர், தோட்டத்திலிருந்து முட்டைக்கோவா ஏற்றிக்கொண்டு போனவர். நான் விழுந்தேன், தகரம் விழுந்து மூடி கழன்றது, அதன் மேல் அவர் விழுந்தார். என்னுயிரைக் காப்பாற்ற விழுந்த மனிசன். பொம்பர் எங்களுக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கடற்கரைப் பக்கம் போனது. குருநகர்ப் பக்கமாகக் குண்டுச் சத்தம் இரண்டு தரம் கேட்டது. எங்கள் ரோட்டில் ஒரு தூசியும் விழவில்லை.

அவர் எழும்பினார். அவருடைய சட்டை முழுக்கக் கரி. நான் தகரத்தை மடியில் வைத்துப் பார்த்தேன். தாள்கள் நசுங்கி, ஒன்றோடொன்று தேய்ந்து, சாம்பல் நிறமாகக் கிடந்தன. அங்கங்கே ஓர் அலையின் உச்சி மட்டும் தெரிந்தது. நான் வாய்க்காலுக்குள் இருந்து வாய்விட்டு அழுதேன். பக்கத்தில் கிடந்த ஒரு மனிசி சேலையைத் தட்டிக்கொண்டு எழும்பி என்னைப் பார்த்தா.

"ஆரும் சொந்தக்காரர் குருநகரிலை இருக்கினமோ பிள்ளை?"

"இல்லை. என்ரை தாள்..."

"தாளோ!" என்றா. "அங்கை சனம் சாகுது, உமக்குக் கரித்தாள்" என்று காறித் துப்பிவிட்டுப் போனா. அவ சொன்னதில் பிழையில்லை. அன்றைக்கு அங்கே செத்தவர்களைப் பற்றிப் பின்னேரம் எல்லோரும் கதைத்தார்கள். எனக்கு அந்தச் செத்தவர்களுக்காக ஒரு சொட்டுக் கண்ணீரும் வரவில்லை. என்னிடம் இருந்ததை எல்லாம் வாய்க்காலுக்குள் கொட்டிவிட்டேன்.

குழுவுக்கு முன்னால் தகரத்தைத் திறந்து வைத்தேன். பீடாதிபதி, வேறு இரண்டு பேராசிரியர்கள், என் தலைவர். நடந்ததைச் சொன்னேன். பீடாதிபதி நல்ல மனிசன். ஒரு தாளை நகத்து நுனியால் தூக்கிப் பார்த்தார், உச்சுக்கொட்டினார்.

"திருப்பிச் செய்யேலுமோ, பிள்ளை?"

"கினிப்பன்றியள் முடிஞ்சுது சேர். கடைசியும் மார்கழியிலை முடிஞ்சுது."

அவர் தலைவர் பக்கம் திரும்பினார். "நீங்கள்தானே மேற்பார்வையாளர். பழுதாக முதல் இந்தப் பதிவுகளை நீங்கள் கண்டிருப்பியள். கண்டனான், சரியாக இருந்தது எண்டு நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் எங்களுக்குக் காணும்."

எனக்கு உயிர் திரும்பி வந்தது. ஒரு வார்த்தை. கிழமைக்குக் கிழமை கயிற்றடியில் நின்று பார்த்த மனிசன். எந்தத் தாளில் எங்கே சூடு குறைந்தது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லக்கூடியவர். என்னை எவ்வளவு வெறுத்தாலும் விஞ்ஞானத்தில் பொய் சொல்ல மாட்டார் என்று நம்பினேன். முழுசாக நம்பினேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்பப்ப போய்ப் பார்த்திருப்பன். இது இப்பிடி இருந்தது எண்டு சொல்லுற அளவுக்கு ஞாபகமில்லை. ஆராய்ச்சியிலை தாளிலை இல்லாதது நடக்கேல்லை. இதை நான்தான் இந்தப் பிள்ளைக்குப் படிப்பிச்சனான்."

என்னை வெளியே இருக்கச் சொன்னார்கள். வாசலில் கிடந்த மர வாங்கில் இருந்தேன். அந்த இளைஞரைக் கூப்பிட்டு, இடம் அவருக்குத்தான் என்று சொன்னார்கள். அவர் வெளியே வந்து என்னைப் பார்க்காமல் போனார். கூட்டம் இன்னும் நடந்தது, வேறு ஏதோ விஷயங்கள். கடைசியாகத் தலைவர் வந்தார்.

"சேர், நீங்கள் பார்த்தனீங்கள்தானே?" என்றேன்.

நின்றார். அக்கம் பக்கம் பார்த்தார். யாரும் இல்லை.

"பார்த்தனான். ஒண்டும் விடாமல் பார்த்தனான். என்னட்டை வேலை செய்த ஆக்களிலை ஒருத்தரும் அப்பிடி ஒரு பதிவு எடுக்கேல்லை. உது திறமான வேலை."

"அப்ப ஏன் சேர்?"

"எனக்கு ஒரு வருஷம் வெளிநாடு போய் நிக்க ஓய்வாண்டு லீவு இப்பதான் பாஸ் பண்ணினவை. உம்மடை விஷயத்துக்கு அடுத்த விஷயம் அது. துறையிலை படிப்பிக்கத் தகுதியான ஆள் ஒண்டு நிண்டால்தான் விடுவினம். ரண்டு பேரும் போகேலாது." கக்கத்துக் குடையைக் கையில் எடுத்துக்கொண்டு, "மூத்தவன் லண்டனிலை தனிய நிக்கிறான். மகளுக்கும் முடிச்சாச்சு. நானும் மனிசியும் போனால் இனி வரமாட்டம் எண்டுதான் நினைக்கிறன். உமக்கு மட்டும் சொல்லுறன்" என்றார்.

ஏதோ எனக்கு மரியாதை செய்வது போலச் சொன்னார்.

"ஸ்பிரிட்டும் இதுக்காகத்தான் தராமல் விட்டனீங்களோ?"

"கலியாணத்துக்கு வெளிச்சமும் வேணும்தானே" என்றார். கோபமில்லை, வெட்கமில்லை. வகுப்பில் ஒரு மருந்தின் இரண்டு பயன்களைச் சொல்கிற அதே குரல்.

நான் அவரைக் கொல்லலாம் என்று நினைத்தேன். அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. பிடரி எங்கே இருக்கிறது, எவ்வளவு ஓங்க வேண்டும் என்று கையறிந்தவள் நான். அவரோ ஏதோ மறந்து ஞாபகம் வந்தவர் மாதிரித் திரும்பினார்.

"பிள்ளை, ஒரு சின்ன உதவி. நாங்கள் வாற மாதம் வெளிக்கிட்டால் வீட்டிலை நாய் தனிய நிக்கும். உமக்கு இணுவில் கிட்டத்தானே. ஒவ்வொரு நாளும் ஒருக்கா வந்து சோறு வைச்சுவிடும். நல்ல நாய். கடிக்காது."

"ஓம் சேர்" என்றேன்.

வாயில் வந்தது அதுதான். எத்தனையோ வருஷமாக அதையே சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், வேறொன்றும் அதற்குத் தெரியவில்லை. அவர் தலையாட்டிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு வெயிலுக்குள் இறங்கினார். அன்று பின்னேரம் நான் இணுவிலில் எங்கள் ஒழுங்கைக்குத் திரும்பாமல் நேரே உடுவிலுக்குச் சைக்கிளை விட்டேன். அவருடைய வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு நின்று, அந்த நாய் எவ்வளவு பெரிசு, அதற்கு எவ்வளவு சோறு காணும் என்று பார்த்துவிட்டு வந்தேன்.